வெள்ளையம்மாளின் தடசு வில்

ஏற்காட்டில் மாதையன் வில் என்று பேர் வாங்கிய எந்த வில்லையும் மாதையன் செய்யவில்லை. அத்தனையும் அவன் மனைவி வெள்ளையம்மாளின் கைவேலை. அவர்கள் ஊரான கொட்டச்சேட்டில் இது தெரிந்தவர்கள் அவர்கள் இருவரும், பக்கத்து வீட்டில் இருந்த மாதையனின் தங்கை ஆராயியும்தான்.

அதன் தொடக்கம் ஒரு வீம்புப் பேச்சு. பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற கர்னல் செல்லப்பன் ஏற்காட்டில் பங்களா வாங்கிக் குடிவந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பங்களாவுக்குப் பின்னால் இருந்த புல்வெளியில் வைக்கோலைச் சுருட்டி இலக்கு வைத்து, சனிக்கிழமைகளில் போர்டிங் ஸ்கூல் பிள்ளைகளுக்கு வில்வித்தை சொல்லிக்கொடுப்பார். அவரிடம் ஒரு இங்கிலீஷ் புத்தகம் இருந்தது. அதில் ஆள் உயர வில் ஒன்றின் படம். ஒரே கட்டையில் செதுக்கியது, ஒட்டுப்போட்ட இடம் கிடையாது. எஸ்டேட்டில் தச்சுவேலை பார்த்த மாதையனைக் கூப்பிட்டு அந்தப் படத்தைக் காட்டினார்.

"இது குளிர்தேசத்து மரம். நம்ம பக்கம் கிடையாது. இங்க எந்த மரம் இப்படி வளையும் மாதையா?"

"அதெல்லாம் நம்ம கைக்குள்ள இருக்குதுங்கய்யா. பத்து நாள் கொடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தான் மாதையன். அவன் நல்ல பேச்சுக்காரன். ஜன்னல், கட்டில், ஏணி எல்லாம் நன்றாகச் செய்வான். வில்லைப் பற்றி ஒன்றும் தெரியாது.

முதலில் சில்வர் ஓக்கில் செய்தான். நாண் ஏற்றும்போதே பப்படம் போல உடைந்தது. அடுத்து எஸ்டேட்டில் மீந்துகிடந்த தேக்குச் சட்டத்தை எடுத்தான். அது கொஞ்சம் வளைந்து கொடுத்துவிட்டுப் பிறகு நடுவில் முறிந்தது. ஒன்பதாம் நாள் அவன் சோறு தின்னாமல் மூலையில் படுத்துக்கொண்டான்.

வெள்ளையம்மாள் கரடியூர்ப் பெண். அவள் அப்பனுக்கு ஆண்பிள்ளை கிடையாது. ராகிக் கொல்லைக்கும் கொய்யாத் தோப்புக்கும் அவள்தான் காவல். குரங்கை விரட்ட அம்புக்குப் பதிலாக மண் உருண்டை எறியும் உண்டிவில்லைப் பத்து வயதிலேயே தானே செய்துகொண்டாள். எந்த மரம் வளைந்த பிறகு திரும்பி நிமிரும், எது வளைந்தபடியே சோம்பிக் கிடக்கும், எது சொல்லாமல் ஒடியும் என்பது அவளுக்கு அப்படித்தான் தெரிந்தது. கோடாலிக் காம்புக்கு என்று பரணில் போட்டுவைத்திருந்த நீளமான தடசு மரக் கட்டையை இறக்கி, புருஷன் படுத்திருந்த அந்த ஒரு பகலிலும் மறுநாள் காலையிலுமாக ஒரு வில்லைச் செதுக்கி அவன் பக்கத்தில் வைத்தாள்.

மாதையன் அதை எடுத்து வளைத்துப் பார்த்தான். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வளைந்தது. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நீ இல்லாட்டி இன்னிக்கி என்ற மானம் போயிருக்கும் வெள்ளையா" என்றான்.

அந்த ஒரு சொல்லுக்காக அவள் ஆறு வருஷம் வில் செய்தாள்.

கர்னல் கேட்கிற கேள்விகளை மாதையன் வீட்டுக்கு வந்து கேட்பான். அவள் சொல்லும் பதிலை மறுநாள் கொண்டுபோய் ஒப்பிப்பான். தடசு மரத்தை இலை உதிர்ந்த காலத்தில்தான் வெட்டவேண்டும். அறுக்கக் கூடாது, ஆப்பு வைத்துப் பிளக்கவேண்டும், அப்போதுதான் நரம்பு அறுபடாது. வெட்டிய முனைகளில் சாணியும் மண்ணும் குழைத்துப் பூசாவிட்டால் காய்கிறபோது வெடித்துவிடும். அடுப்புக்கு மேலே பரணில் இரண்டு வருஷமாவது புகை குடிக்கவேண்டும். பட்டையை உரித்ததும் தெரிகிற வெளிப்பக்கம் வில்லுக்கு முதுகு. அந்த முதுகில் ஒரு கீறல்கூடப் படக்கூடாது. செதுக்குவது, சுரண்டுவது எல்லாம் நம்மைப் பார்க்கிற வயிற்றுப் பக்கம்தான். கட்டை காய்ந்துவிட்டதா என்று அறிய அவள் முனையைக் கிள்ளி முகர்ந்து பார்ப்பாள். புளித்த கூழ் வாசனை வந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. வாசனையே இல்லாவிட்டால் எடுக்கலாம்.

இதையெல்லாம் சொல்லிச் சொல்லி மாதையனுக்கு அவை தன் சொற்களாகவே ஆகிவிட்டன. இரண்டாவது வருஷத்தில் அவன் "நாம செஞ்ச வில்லு" என்றான். நான்காவது வருஷத்தில் அவளிடமே "நான் செஞ்ச வில்லு" என்றான். அவள் அடுப்பை ஊதிக்கொண்டே அதைக் கேட்டாள். சொல்லிக்காட்ட வாய் வரவில்லை. தன் வீட்டு ஆம்பிளையை எப்படிச் சிறுமைப்படுத்துவது என்று இருந்துவிட்டாள்.

ஒருமுறை ஆராயிதான் பொறுக்காமல் கேட்டாள். "ஏனுங்க அண்ணி, அண்ணன் டீக்கடையில அளக்கறதக் கேட்டுக்கிட்டு எப்படி இருக்கறீங்க?"

"பேரு யாருக்குப் போனா என்ன? வில்லு என்ற கையில இருந்துதான போகுது" என்றாள் வெள்ளையம்மாள். அன்றைக்கு அதை அவள் நம்பித்தான் சொன்னாள்.

எண்பத்தாறாம் வருஷம் மாசி மாதம் மாதையன் வேர்த்து விறுவிறுத்து வீட்டுக்கு வந்தான். சேலத்தில் பெரிய பொருட்காட்சி நடக்கப் போகிறது. மெட்ராஸில் இருந்து வில்வித்தைச் சங்கத்துக்காரர்கள் வருகிறார்கள். மலையில் கிடைக்கும் மரத்தில் ஆள் உயர வில் செய்கிறவர் ஒருவர் இருக்கிறார் என்று கர்னல் எழுதிப் போட்டிருக்கிறார். மூன்று நாள் மைதானத்தில் உட்கார்ந்து, முழுக் கட்டையில் இருந்து எல்லார் கண்முன்னாலும் ஒரு வில்லைச் செய்து காட்டவேண்டும். பிடித்துப்போனால் புதிதாகத் திறக்கும் பயிற்சி நிலையத்தில் வேலை.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வர்றேன்னு சொல்லிட்டேன்."

வெள்ளையம்மாள் பரணை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, "நானும் கூட வர்றனுங்க. எடுத்துக் கொடுக்கறவளாட்டம் பக்கத்துல உக்காந்துக்கறேன். எங்க சொரண்டணும்னு கண்ணு காட்டுனாப் போதும்" என்றாள்.

"வில்லுக்காரன் பொண்டாட்டியப் பக்கத்துல வச்சுக்கிட்டா செய்யறான்னு நாலு பேரு சிரிக்கறதுக்கா?"

"அப்ப செய்யக் கத்துக்கிட்டுப் போங்க."

பதினைந்து நாள் சொல்லிக்கொடுத்தாள். எஸ்டேட் வேலை முடிந்து வந்தவனைக் கொல்லைப்புறம் உட்காரவைத்து, தேறாத கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். அவன் கை உளிக்குப் பழகிய கை. தட்டினால் துண்டு விழவேண்டும் அதற்கு. வில்லுக்கோ கண்ணாடிச் சில்லால் தூசி தூசியாகச் சுரண்டவேண்டும், நாலு சுரண்டலுக்கு ஒருமுறை நாணை இழுத்து வளைவைப் பார்க்கவேண்டும். மூன்று கட்டை போயிற்று. நான்காவது எப்படியோ வில் மாதிரி வந்தது.

"ஒண்ணே ஒண்ணு மனசுல வச்சுக்குங்க. என்ன ஆனாலும் முதுகத் தொடாதீங்க" என்றாள்.

"உன்ற வாத்தியார் வேலைய நிறுத்து."

பரணில் ஐந்து கட்டைகள் பாக்கி இருந்தன. ஏழு வருஷத்துக்கு முந்தைய கார்த்திகைப் பெருமழையில் அவர்கள் கொல்லை ஓரத்தில் சாய்ந்து, இலை உதிர்ந்தபின் வெட்டிய தடசு மரத்தின் கட்டைகள். வெள்ளையம்மாள்தான் ஆப்பு அடித்துப் பிளந்தவள். அந்த ஐந்தில் ஒன்று கணு இல்லாமல், முறுக்கு இல்லாமல், இழுத்துக் கட்டிய கயிறு மாதிரி நேராக ஓடியது. வயிற்றுப் பக்கம் ஓரிடத்தில் மட்டும் மிளகு அளவுக்கு ஒரு புள்ளி. அதை அவள் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தாள். யார் ஆர்டரும் இல்லாமல், யார் உயரத்துக்கும் அளக்காமல், ஒரு வில்லாவது தன் கைக்குப் பிடித்தபடி செய்துபார்க்க ஆசை.

மாதையன் அதைத்தான் கேட்டான். பரண் ஏணியில் நின்று அவள் அதை இறக்கிக் கொடுத்தாள். கெட்ட கட்டையைக் கொடுத்து அனுப்பினால் அவன் நிச்சயமாகத் தோற்றுப்போவான் என்பது அவளுக்குத் தெரியும். நல்ல கட்டை நாலு தப்பைப் பொறுக்கும்.

அவன் கர்னலின் ஜீப்பில் போனான். முதல் நாள் வெள்ளையம்மாள் காட்டுவேலை பார்த்தாள். இரண்டாம் நாள் ஆராயியோடு விறகுக்குப் போனாள். மூன்றாம் நாள் விடியும்போது அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அன்றைக்குத்தான் வளைவு பார்க்கும் நாள். கதவைச் சாத்திவிட்டு முதல் பஸ் ஏறிவிட்டாள்.

சேலத்து மைதானத்தில் வெயில் பத்து மணிக்கே கொளுத்தியது. ராட்டினத்தையும் அப்பளக் கடையையும் தாண்டி, கயிறு கட்டிய ஒரு வட்டத்தைச் சுற்றிக் கூட்டம் நின்றது. நடுவில் மாதையன். வெள்ளை வேட்டியும் புதுத் துண்டுமாக உட்கார்ந்திருந்தான். சட்டையில் பூக்குத்திய மெட்ராஸ்காரர்கள் நாலைந்து பேர், அவர்கள் பக்கத்தில் தொப்பி போட்ட கர்னல். அவள் ஆட்களை விலக்கிக்கொண்டு கயிற்றோரம் போய் நின்றாள்.

பார்த்ததும் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. வேலை மோசமில்லை. இரண்டு நாளில் கட்டையை நல்ல கனத்துக்குக் கொண்டுவந்திருந்தான். மாதையன் நாணை இழுத்தான். பிடிக்குக் கீழே இருந்த கீழ்க்கை வளைந்தது, மேலே இருந்த மேல்கை விறைப்பாக நின்றது. 'சரி, இனி மேல்கையில வயித்துப் பக்கம் கொஞ்சம் சொரண்டணும்' என்று அவள் மனசுக்குள் சொன்னாள். அவனும் அங்கேதான் கையை வைத்தான். ஆனால் அங்கே அந்த மிளகுப் புள்ளி இருந்தது. சில்லு அதில் தட்டித் தட்டி நின்றது. அவன் வியர்வையைத் துடைத்தான். மெட்ராஸ்காரர் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மாதையன் வில்லைத் திருப்பினான். முதுகில் கண்ணாடிச் சில்லை வைத்தான்.

"மாமா! முதுகத் தொடாதீங்க!"

அவள் நினைத்துக் கத்தவில்லை. குழந்தை கிணற்றோரம் ஓடினால் வாய் தானாகக் கத்துமே, அப்படி வந்துவிட்டது. கூட்டம் மொத்தமும் திரும்பியது.

"வயித்துப் பக்கமே சொரண்டுங்க! அந்தப் புள்ளியச் சுத்தி விட்டுட்டு மேல போங்க!"

"யாருப்பா இந்த அம்மா?" என்று மெட்ராஸ்காரர் கேட்டார்.

மாதையன் அவளைப் பார்த்தான். பிறகு மெட்ராஸ்காரரைப் பார்த்தான். அவன் முகம் சட்டென்று ஒரு பணிவுக்கு வந்ததை அவள் பார்த்தாள்.

"என்ற பொண்டாட்டிங்க. கொஞ்ச நாளாப் புத்தி சரியில்லீங்க. தனியா உட்டா இப்படித்தான் எங்கயாச்சும் வந்து நின்னு கத்துவா. மனசுல வச்சுக்காதீங்க."

கூட்டத்தில் சிலர் 'ச்சொ' கொட்டினார்கள். ஒருத்தன் சிரித்தான். வெள்ளையம்மாள் கர்னலைப் பார்த்தாள். கர்னல் தொப்பியைக் கழற்றி உள்பக்கம் பார்த்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். இரண்டு தொண்டர்கள் வந்து, "வாங்கம்மா, நிழல்ல உக்காருங்கம்மா" என்று முழங்கையைப் பிடித்து நடத்திப்போனார்கள். அவள் திமிறவில்லை. இப்போது திமிறினால் அதுவே சாட்சியாகிவிடும். பந்தல் நிழலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். யாரோ ஒரு அம்மா கோலி சோடா உடைத்துக் கொடுத்து, "எத்தன நாளா இப்படி?" என்று இரக்கமாகக் கேட்டாள்.

"ஆறு வருஷமா" என்றாள் வெள்ளையம்மாள்.

பந்தலில் இருந்தபடி அவளுக்கு எதுவும் தெரியவில்லை. கூட்டத்தின் முதுகுதான் தெரிந்தது. கைதட்டல் கேட்டது, நாண் ஏற்றிவிட்டான் போல. அப்புறம் ஒரு அமைதி. அப்புறம் அந்தச் சத்தம். காய்ந்த மரம் முறியும் சத்தத்தை அவள் தூக்கத்திலும் அடையாளம் சொல்வாள். சோடாப் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

முறிந்த மேல்கை திரும்பி வந்து மாதையனின் இடது புருவத்தைப் பிளந்திருந்தது. புதுத் துண்டு முழுக்க ரத்தம். ஆஸ்பத்திரியில் ஐந்து தையல் போட்டார்கள். கண்ணுக்குச் சேதம் இல்லை. தையல் போடும்போது வெள்ளையம்மாள்தான் அவன் தலையைப் பிடித்துக்கொண்டாள். வாசலில் நின்ற மெட்ராஸ்காரரிடம் மாதையன் படுத்தபடியே சொல்வது அவள் காதிலும் விழுந்தது.

"நல்லாத்தாங்க வந்துச்சு. அவ போட்ட சத்தத்துல கை நடுங்கிருச்சு. அதுலதாங்க காரியம் போச்சு."

சாயங்கால பஸ்ஸில் மலை ஏறினார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் மாதையன் இரண்டு தரம் வாந்தி எடுத்தான். அவள் முந்தானையால் வாயைத் துடைத்துவிட்டாள். முறிந்த துண்டுகள் அவள் மடியில் இருந்தன. முறிவு எங்கே தொடங்கியது என்று விரலாலேயே தடவிப் பார்த்தாள். முதுகில், சரியாக அவன் சில்லு பட்ட இடத்தில். கீழ்க்கை அப்பழுக்கில்லாமல் இருந்தது. இன்னும் பத்து சுரண்டல் போதும், அது மாதிரி வில் அந்த மலையில் இருந்திருக்காது.

"வேற என்ன சொல்லச் சொல்றே?" என்றான் மாதையன் திடீரென்று, கட்டுப்போட்ட முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு. "அத்தன பேரு பாக்கறாங்க. வேற என்ன சொல்றது?"

அவள் முறிந்த துண்டுகளை முறிவோடு முறிவு சேர்த்துப் பொருத்தினாள்.

ஊரில் கதை அவர்களுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்துவிட்டது. மாதையன் உலகமே மெச்சும் வில்லைச் செய்து முடிக்கும் நேரத்தில் பெண்டாட்டி போய்க் கத்திக் காரியத்தைக் கெடுத்துவிட்டாள். வாழவந்தியில் இருந்து அவன் சித்தப்பன் வந்து மந்திரித்த கயிறு ஒன்றை வெள்ளையம்மாளின் கையில் கட்டச் சொன்னார். ஆராயி மட்டும் குறுக்கே வந்து, "யாரு புத்தி கெட்டுப்போச்சுன்னு எனக்குத் தெரியும் அண்ணா, வாயத் தொறக்கட்டுமா?" என்றாள். மாதையன் அவளோடு பேச்சை விட்டான். பெண்டாட்டியால் தங்கை உறவும் போயிற்றே என்று ஊர் அவனுக்காகவே பரிதாபப்பட்டது.

ஒரு மாதம் கழித்து கர்னல் வந்தார். மாதையன் ஓடிப்போய் நாற்காலி எடுத்துப் போட்டான். அவர் உட்காராமல், "நீ கொஞ்சம் ஜீப்புகிட்ட நில்லு மாதையா" என்று அவனை அனுப்பிவிட்டு வெள்ளையம்மாளிடம் வந்தார். அவள் முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, எனக்கு மூணாவது வில்லுலயே தெரியும்" என்றார்.

அவள் முறத்தை நிறுத்தினாள்.

"கைப்பிடி சின்னது. என் கைக்குப் பத்தல, துணி சுத்தித்தான் பிடிச்சேன். மாதையன் கை எவ்வளவு பெருசு! அவன் கைக்குச் செஞ்சிருந்தா அப்படி வராது. அப்புறம் கவனிச்சேன். எதக் கேட்டாலும் மறுநாள்தான் பதில் சொல்வான்."

"அப்ப தெரிஞ்சுதான் சும்மா இருந்தீங்களாய்யா?"

"குடும்ப விஷயம்மா. நான் நடுவுல புகுந்து என்ன சொல்றது? அதோட, பொம்பள செஞ்சதுன்னா கமிட்டியில ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. மாதையன் பேரே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டேன்."

"அன்னிக்கி என்னையப் பைத்தியம்னு சொன்னாரு. நீங்க பக்கத்துலதான நின்னீங்க?"

கர்னல் தன் பூட்ஸைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்பார் என்று அவள் காத்திருந்தாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, வந்த காரியத்தைச் சொன்னார். ஸ்கூலில் ஆண்டுவிழா வருகிறது. நாலு வில் வேண்டும். சேலத்தில் நடந்ததை அவர் பேசிச் சரிக்கட்டிவிட்டார். வில்லுக்கான காகிதம் எல்லாம் மாதையன் பேரில் தயாராகிவிட்டது. அவள் வழக்கம்போலச் செய்து கொடுத்தால் போதும்.

"என்ற பேரப் போடுவீங்களாய்யா?"

"அடுத்த தடவ பாக்கலாம்மா. இந்தத் தடவ எழுதியாச்சு."

வெள்ளையம்மாள் எழுந்தாள். உள்ளே போய் ஏணியை வைத்துப் பரணில் இருந்த நாலு தடசுக் கட்டைகளையும் ஒவ்வொன்றாக இறக்கினாள். கர்னல் முகம் மலர்ந்தது. ஜீப்பருகில் இருந்து மாதையனும் வந்துவிட்டான். அவள் மாதையனின் ரம்பத்தை எடுத்து, முதல் கட்டையைத் திண்ணையின் மேல் வைத்து, ஒரு காலால் மிதித்துக்கொண்டு நடுவில் அறுக்கத் தொடங்கினாள்.

"ஏய், என்ன பண்றே!" என்று மாதையன் பாய்ந்தான்.

"கிட்ட வராதீங்க. புத்தி சரியில்லாதவ கையில ரம்பம் இருக்குது."

அவன் நின்றுவிட்டான்.

"வேண்டாம்மா. ஏழு வருஷக் கட்டைம்மா அது" என்றார் கர்னல்.

"எனக்குத் தெரியுங்கய்யா எத்தன வருஷம்னு."

காய்ந்த தடசு லேசில் அறுபடாது. முதல் கட்டை இரண்டாக விழுவதற்குள் அவளுக்குத் தோள்பட்டை கழன்றுவிடும் போல ஆயிற்று. இரண்டாவதைத் தொடங்கும்போது கர்னல் தொப்பியை எடுத்துக்கொண்டு போய் ஜீப்பில் ஏறினார். மூன்றாவதை அறுக்கும்போது அவளுக்கு அழுகை வந்தது. கையை நிறுத்தாமலே அழுதாள். நாலும் எட்டுத் துண்டாகி முடிந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. மாதையன் அதுவரை வேப்பமரத்தடியில் உட்கார்ந்து புருவத்துத் தழும்பைத் தடவிக்கொண்டிருந்தான்.

மறுவாரம் அவன் அந்த எட்டையும் மண்வெட்டிப் பிடியாக இழைத்துச் சந்தைக்குக் கொண்டுபோனான். இந்த மாதிரிப் பிடி மலையிலேயே கிடையாது என்று ஊர் பாராட்டியது. அந்தப் பேரும் அவனுக்கே போயிற்று. கர்னல் அடுத்த வருஷம் டெல்லியில் இருந்து பிளாஸ்டிக் மாதிரி ஏதோ ஒன்றில் செய்த வில் வரவழைத்தார். அதற்குக் காயவைக்கிற வேலை இல்லை, புகை வேண்டாம்.

காப்பிப் பழம் சிவந்த மார்கழியில் வெள்ளையம்மாள் ஆராயியோடு எஸ்டேட் கூலிக்குப் போனாள். அதற்கு முன் அவள் கூலிக்குப் போனதில்லை. வில் செய்யவே நேரம் சரியாக இருந்தது. ரைட்டர் மாதேஸ்வரன் புது ஆள். நோட்டை விரித்து அவள் பேர், ஊர், வயசு எழுதிக்கொண்டார்.

"பழம் பறிக்கறது தவிர வேற கைவேல ஏதாச்சும் தெரியுமா? தச்சுக் கொட்டாயில ஒரு ஆள் வேணும், சில்லற வேலைக்கு. தெரிஞ்சா அங்க போட்டுக்கறேன்."

ஆராயி அவள் முழங்கையை இடித்தாள்.

"ஒண்ணும் தெரியாதுங்க" என்றாள் வெள்ளையம்மாள். கூடையை இடுப்பில் கட்டிக்கொண்டு, முன்னால் போன பெண்களின் பின்னே சரிவில் ஏறினாள்.